ஆளுமன்று, பொருளுமன்று

கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவிக்கும் குடியானவர், கதிரடித்த தானியத்தில் ஒரு பங்கை விதைக்கென்று ஒதுக்கி வைப்பது தொன்றுதொட்ட வழக்கம். உலைக்குப் போகும் சாமையும் விதைக்கு நிற்கும் சாமையும் ஒரே கதிரில் விளைந்தவை. நிறத்திலும் எடையிலும் அவற்றிடையே வேறுபாடு இல்லை. ஆயினும் விதைக்கென்று எடுத்து வைத்ததை உலையிலிட எளிதில் எவருக்கும் மனம் துணிவதில்லை.

அதே மலையின் அடிவாரத்தில், நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைகளிலிருந்து நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் ஊர்களுக்கும் துறைமுகங்களுக்கும் செல்கின்றன. அவை சேவல் சேராத கோழிகள் இட்டவை. அவற்றில் கரு இல்லை. குஞ்சு பொரிக்கும் நிலையங்களுக்குச் செல்லும் முட்டையோ வேறு. சேவல் அணைந்த பெட்டை இட்ட முட்டையில், அது இடப்பட்ட வேளையிலேயே ஏறத்தாழ 50,000 உயிரணுக்கள் கொண்ட ஒரு தட்டு மஞ்சளின் மீது படிந்திருக்கிறது. தக்க சூடு கிடைத்தால் 21 நாளில் குஞ்சு ஓட்டை உடைத்து வெளிவருகிறது. ஓட்டைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய இயலாது.

இவ்வாறு தோற்றத்தில் ஒன்றாயிருக்கும் இரண்டினை நாம் வெவ்வேறாக மதிக்கின்றோம். எதனைக் கொண்டு மதிக்கின்றோம்? உள்ளே இருப்பதைக் கொண்டா, இனி ஆகப்போவதைக் கொண்டா, எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதைக் கொண்டா? சாமையோடும் முட்டையோடும் நிற்கும் வரை இது ஓய்வு நேரச் சிந்தனை. மனிதக் கருவைப் பற்றி இதே வினா எழும்போது, விடை சொல்லாமல் கடந்து செல்ல நமக்கு உரிமை இல்லை. அந்த வினா இன்று ஆய்வுக்கூடங்களில் எழுந்துள்ளது.

அதனைப் புரிந்துகொள்ள முதலில் உயிரணுவின் வாயிலுக்குச் செல்ல வேண்டும். ஒவ்வோர் உயிரணுவும் ஒரு மெல்லிய கொழுப்புச் சவ்வினால் சூழப்பட்டுள்ளது. பொட்டாசியம், சோடியம், கால்சியம் ஆகியவற்றின் மின்னேற்றம் பெற்ற அணுக்கள், அதாவது அயனிகள், அச்சவ்வைத் தாமாகக் கடக்க இயலாது. அவற்றுக்கென்று புரதத்தாலான வாயில்கள் சவ்வில் பதிந்துள்ளன. திறக்க வேண்டிய வேளையில் திறந்து, மூட வேண்டிய வேளையில் மூடுகின்றன. இவற்றையே அயனி வாயில்கள் என்கிறோம். நரம்பில் செய்தி ஓடுவதும், இதயம் துடிப்பதும், தசை சுருங்குவதும் இவ்வாயில்களின் அசைவே. ஒற்றை வாயிலின் வழியே ஓடும் நுண்ணிய மின்னோட்டத்தை அளக்கும் முறையை ஜெர்மனியில் நேஹர், சாக்மான் என்னும் இருவர் 1976இல் கண்டனர். அதற்காக 1991இல் நோபல் பரிசு பெற்றனர்.

பொட்டாசிய வாயிலின் செயல் வியக்கத்தக்கது. சோடிய அயனி பொட்டாசிய அயனியைவிடச் சிறியது. சிறியதைத் தடுத்துப் பெரியதை விடும் கதவை மனிதத் தச்சன் செய்ததில்லை. இவ்வாயிலோ ஒரு நொடியில் கோடிக்கணக்கான பொட்டாசிய அயனிகளை விட்டு, சோடியத்தைத் தடுத்து நிறுத்துகிறது. 1998இல் அமெரிக்காவில் மெக்கின்னன் என்னும் அறிஞர் இவ்வாயிலின் வடிவத்தை முதன்முதல் படமாகக் காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் வாயில். அயனியைப் பிரித்தறியும் அந்த ஒடுங்கிய இடத்தின் அமைப்பு பாக்டீரியாவிலும் ஈயிலும் எலியிலும் மனிதனிலும் ஏறத்தாழ ஒன்றே. படைப்பின் ஒருமைக்கு இதனினும் நுட்பமான சான்று வேண்டுவதில்லை.

இவ்வாயில்கள் நரம்புக்கும் இதயத்துக்கும் மட்டும் உரியவை என்று நெடுநாள் கருதப்பட்டது. இன்று அவை கருவின் வளர்ச்சியிலும் பங்குகொள்கின்றன என்பது தெளிவாகியுள்ளது. ஒரு வகைப் பொட்டாசிய வாயிலின் மரபணுவில் பிழையோடு பிறப்போருக்கு இதயத் துடிப்பு பிறழ்வதோடு, சிலருக்கு அண்ணம் பிளந்தும் விரல்கள் வளைந்தும் இருக்கின்றன. வாயில் தவறினால் வடிவமும் தவறுகிறது. 2012இல் தவளைக் கருவின் உயிரணுக்களில் மின்னழுத்தத்தை மாற்றிய ஆய்வாளர், கண் தோன்றாத இடத்தில் கண் தோன்றக் கண்டனர்.

இனி, குருத்தணுவுக்கு வருவோம். ஸ்டெம் செல் என்று நாளேடுகள் எழுதுவது இதனையே. கரு சில நாள் வயதில் ஒரு நுண்ணிய குமிழாக இருக்கும்போது, அதன் உள்ளிருக்கும் அணுக்கள் இன்னும் இதயமென்றோ எலும்பென்றோ நரம்பென்றோ பிரியவில்லை. வாழைக் குருத்து இலையாக விரிவதற்குமுன் சுருண்டு நிற்பதைப்போல, எல்லா உறுப்பும் ஆகும் ஆற்றலைச் சுருட்டி வைத்து நிற்கின்றன. சுண்டெலிக் கருவிலிருந்து இவற்றைப் பிரித்து ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் முறை 1981இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டறியப்பட்டது. கோழிக் கருவிலிருந்து 1996இல் பிரான்சிலும், மனிதக் கருவிலிருந்து 1998இல் அமெரிக்காவின் விஸ்கான்சினிலும் இவை வளர்க்கப்பட்டன. நம் நாட்டில் பெங்களூரின் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில், மகப்பேற்றுச் சிகிச்சைக்குத் தகுதியற்றவை என்று விலக்கப்பட்ட கருக்களிலிருந்து இரு வகைக் குருத்தணுக்கள் வளர்க்கப்பட்டு, அந்த ஆய்வு 2009இல் வெளியாயிற்று.

2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சுண்டெலியின் கருக் குருத்தணுவையும் மனிதனின் கருக் குருத்தணுவையும் அருகருகே வைத்து அவற்றின் அயனி வாயில்களை அளந்தது. ஒரு வகைப் பொட்டாசிய மின்னோட்டம் மனித அணுக்கள் அனைத்திலும் இருந்தது. சுண்டெலியின் அணுக்களில் ஏறத்தாழப் பாதியில்தான் இருந்தது. மனித அணுவில் அதன் வலிமையும் பன்மடங்கு. ஆயினும் மருந்திட்டு அவ்வாயிலை அடைத்தபோது, இரண்டு இனத்திலும் அணுக்கள் பெருகுவது குன்றியது. வாயில் ஒன்று, பணியும் ஒன்று; அளவும் பரவலும் வேறு.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 500 முறைக்கு மேல் துடிக்கிறது. நம்முடையது 70 முறை. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயத்தை அமைதிக்குக் கொணரும் பொட்டாசிய வாயில்கள் இரண்டிலும் ஒன்றல்ல. மனித இதயத்தில் இன்றியமையாத ஒரு வாயில், வளர்ந்த சுண்டெலியின் இதயத்தில் பெரும்பங்கு வகிப்பதில்லை. ஒவ்வாமைக்குத் தரப்பட்ட டெர்ஃபெனடின், வயிற்றுக் கோளாறுக்குத் தரப்பட்ட சிசாபிரைடு ஆகிய மருந்துகள் அந்த வாயிலையே அடைத்தன. எளிய நோய்க்கு மருந்துண்ட சிலர் இதயத் துடிப்பு பிறழ்ந்து இறந்தனர். முன்னது அமெரிக்காவில் 1998இலும், பின்னது அங்கே 2000இலும் சந்தையினின்று விலக்கப்பட்டன. சிசாபிரைடு நம் நாட்டில் 2011இல் தடை செய்யப்பட்டது. சுண்டெலியை மட்டும் கேட்டால் மனித இதயத்தைப் பற்றிய உண்மை முழுதும் கிடைக்காது. குருத்தணுவிலிருந்து வளர்த்த மனித இதய அணுவைக் கேட்டால், மருந்து மனிதர் வாய்க்குச் செல்லும் முன்பே அது பதில் சொல்லக்கூடும்.

ஆகவே மனிதக் குருத்தணு வேண்டும் என்கின்றனர் ஆய்வாளர். அவர்களுடைய நோக்கம் உயிர் காப்பது. அதனை இகழ்வது நன்றியின்மை. ஆனால் ஈண்டு ஒரு முடிச்சு விழுகிறது.

“ஏன் சுண்டெலி போதாது?” என்று கேட்டால், “அது மனிதன் அன்று, எமக்கு மனித அணு தேவை” என்பது விடை. “மனிதக் கருவைக் கலைத்து அணு எடுக்கலாமோ?” என்று கேட்டால், “அது இன்னும் மனிதன் அன்று, ஓர் ஊசிமுனையளவு அணுக்கூட்டம்” என்பது விடை. முதல் விடையில் அது மனிதம் என்பதால் பயன். இரண்டாம் விடையில் அது மனிதம் அன்று என்பதால் அனுமதி. ஒரே பொருளைப் பயன் கருதும்போது மனிதம் என்றும், பொறுப்பு கருதும்போது மனிதம் அன்று என்றும் சொல்வது நியாயமாகுமா? வாங்கும்போது ஒரு படியும் விற்கும்போது ஒரு படியும் வைத்திருக்கும் வணிகனை நாம் என்ன பெயரிட்டு அழைக்கின்றோம்?

மறுபுறத்திலும் இதே பிழை உண்டு. சூல்கொண்ட நொடியிலிருந்து அது முழு மனிதனே, அதைத் தொடுவது கொலையே என்போர், தம் சொல்லின் விளைவை எண்ணுவதில்லை. கருத்தரித்த முட்டைகளில் பல, தாய் அறியுமுன்னே தாமாகக் கழிந்துபோகின்றன. அவற்றுக்கு எவரும் ஜனாஸாத் தொழுகை நடத்துவதில்லை. சொத்தில் பங்கு ஒதுக்குவதில்லை. சொல்லால் ஆள் என்றும் செயலால் ஆளன்று என்றும் நடத்துவது அங்கும் இரண்டு படியே.

இம்முடிச்சை அவிழ்க்க, அரபு மத்ரஸாக்களில் தர்க்கம் பயிலத் தொடங்கும் சிறு மாணவனுக்குச் சொல்லித்தரும் ஒரு வேறுபாடு போதும். இனம் வேறு, தனியாள் வேறு. முன்னதை நவ்உ என்றும், பின்னதை ஷக்ஸு என்றும் சொல்வர். வெட்டி எறிந்த நகம் மனித இனத்துக்குரியது. ஆனால் அது ஒரு மனிதன் அன்று. ‘மனிதனுடையது’ என்பதும் ‘மனிதன்’ என்பதும் ஒன்றல்ல. ஆய்வாளர் பயன் காண்பது முதற்சொல்லில். அவர் மறுப்பது இரண்டாம் சொல்லை. அவ்வளவில் அவர் கூற்றில் முரண் இல்லை. ஆனால் ஒன்று மனிதன் அன்று என்றாகிவிட்டால், அது வெறும் பொருளாகிவிடும் என்று அவர் கருதினால், அங்கேதான் தவறுகிறார்.

நம் ஃபிக்ஹு நூல்கள் ஆளுக்கும் பொருளுக்கும் இடையே மூன்றாவது ஒரு நிலையை நன்கு அறிந்துள்ளன. அதற்கு ஹுர்மத்து, அதாவது மீறலாகாத மதிப்பு, என்று பெயர். இறந்தவரின் உடல் ஆள் அன்று. அதற்கு வலியில்லை, கடமையில்லை. எனினும் அதன் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பானது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். உதிர்ந்த தலைமுடிக்கு உயிரில்லை. ஆயினும் மனித முடியை விற்பது கூடாது என்று ஹனஃபி மத்ஹபின் ஹிதாயா நூல் உரைக்கிறது. மனிதன் மேன்மைப்படுத்தப்பட்டவன், அவனுடைய எப்பகுதியும் இழிவாகக் கையாளப்படலாகாது என்பதே அதன் காரணம். தாய்ப்பாலைப் பற்றிய தீர்ப்பு இன்னும் கூர்மையானது. பிறர் குழந்தைக்குப் பாலூட்டலாம். அதற்கு ஊதியமும் பெறலாம். ஆனால் பாலைக் கறந்து கிண்ணத்தில் ஊற்றி விற்பதை ஹனஃபி அறிஞர்கள் ஏற்பதில்லை. ஷாஃபிஈ அறிஞர்கள் அதனை அனுமதிப்பர். நாம் கவனிக்க வேண்டியது, ஹனஃபி வழியில் ஒன்றைப் பயன்படுத்தலாம் என்பதும் விற்கலாம் என்பதும் இருவேறு தீர்ப்புகள் என்பதையே.

கருவின் நிலையும் இம்மூன்றாம் நிலைதான். நுத்ஃபா, அலக்கா, முள்கா எனப் படிகளாகக் கரு வளர்வதைத் திருமறை சொல்கிறது. ரூஹு ஊதப்படுவது 120 நாளுக்குப் பின் என்பது அறிஞரிற் பெரும்பாலோர் கருத்து. அதற்கு முன் தக்க காரணத்தோடு கருவைக் கலைப்பதை ஹனஃபி அறிஞர் பலர் அனுமதித்தனர். மாலிகி அறிஞர்கள் மிகக் கண்டிப்பாக மறுத்தனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இவ்விரண்டுக்கும் ஓர் ஆழமான விளக்கம் தருகிறார்கள். இருபாலாரின் நீரும் கலந்து உயிரை ஏற்கும் தகுதி பெற்றபின் அதைச் சிதைப்பது குற்றம்; படி ஏற ஏறக் குற்றமும் ஏறுகிறது என்பது அவர்களது கருத்து. இதன்படி 120 நாள் என்பது, அதற்கு முன் எதையும் செய்யலாம் என்று கதவைத் திறந்துவிடும் அனுமதிச் சீட்டு அன்று. முதற்படியிலும் மதிப்பு உண்டு. அது கடைசிப் படியின் மதிப்பு அன்று.

“ஆற்றலளவில் மனிதன் என்பதால் மதிப்பு என்றால், தோலின் ஓர் அணுவும் அப்படித்தானே?” என்று ஒருவர் கேட்கலாம். ஜப்பானின் கியோட்டோவில் யமனாக்கா என்னும் அறிஞர் 2006இல் சுண்டெலியின் தோலணுவையும், 2007இல் மனிதத் தோலணுவையும் குருத்தணுவின் நிலைக்குத் திருப்பிக் காட்டி, 2012இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எனவே எல்லா அணுவிலும் ஆற்றல் ஒளிந்துள்ளது என்பது மெய்யே. ஆயினும் ஆற்றலில் அண்மையும் சேய்மையும் உண்டு. சாமை விதைக்கு மண்ணும் மழையும் போதும். சாமைத் தட்டையைச் சாமைப் பயிராக்க அறிவும் கருவியும் வெளியிலிருந்து வர வேண்டும். கருவுக்குக் கருப்பை போதும். தோலணுவுக்கு அது போதாது. கருவிலிருந்து பிரித்து வளர்த்த குருத்தணுவும், தனித்துக் குழந்தையாகும் ஆற்றலை இழந்துவிட்டது. எனவே சிந்தனைக்குரிய செயல் குருத்தணுவைக் கையாள்வதன்று; அதனை எடுக்கக் கருவைக் கலைப்பதே.

அச்செயல் எப்போது தகும்? ஹனஃபி நூல்களில் ஒரு சான்று உண்டு. கருவுற்ற பெண் இறந்து, வயிற்றில் குழந்தை உயிரோடு அசைந்தால், இறந்தவளின் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கலாம். இறந்தவரின் ஹுர்மத்து, உயிரோடிருப்பவரின் உயிருக்கு வழிவிடுகிறது. ஆனால் வழிவிடுவது வேறு, இல்லாதொழிவது வேறு. ளரூரத்து என்னும் இன்றியமையாத் தேவை எதனை அனுமதிக்கிறதோ, அதனை அத்தேவையின் அளவுக்கே அனுமதிக்கிறது. குழந்தையை எடுத்தபின் அவ்வுடலைத் தைத்து, குளிப்பாட்டி, கஃபனிட்டே அடக்க வேண்டும்.

குழந்தையில்லாத் தம்பதியரின் சிகிச்சையில் எஞ்சிய கருக்களைப் பற்றி, 1990இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, தேவைக்கு மேல் கருக்களை உண்டாக்காமலிருப்பதே முறை என்றும், எஞ்சினால் இயல்பாக முடியும்வரை விட்டுவிட வேண்டும் என்றும் தீர்மானித்தது. 2003இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு மன்றம், எஞ்சிய கருவைப் பெற்றோர் மனமொப்பித் தந்தால், அதிலிருந்து குருத்தணு எடுத்துச் சிகிச்சைக்கும் அனுமதிக்கப்பட்ட ஆய்வுக்கும் பயன்படுத்தலாம் என்றது. முன்னது ஹுர்மத்தை முன்னிறுத்துகிறது. பின்னது தேவையையும் உடன் வைத்து எடைபோடுகிறது. கருவைப் பொருளென்று இரண்டும் சொல்லவில்லை.

இதிலிருந்து நான் காணும் முடிபுகள் நான்கு. ஆய்வுக்கென்றே மனிதக் கருவை உண்டாக்கலாகாது. எஞ்சியதைப் பயன்படுத்துவது வேறு, அழிப்பதற்கென்றே ஆக்குவது வேறு. விலங்கினாலோ தோலணுவிலிருந்து திருப்பிய குருத்தணுவினாலோ அறியக்கூடியதற்கு மனிதக் கருவைத் தொடலாகாது. மருந்துகள் இதயத்தைத் தாக்குமோ என்று சோதிக்க இன்று இத்திருப்பிய அணுக்களும் பயன்படுகின்றன. அது நல்ல வழி. அங்கும் விலங்கைத் தேவையின்றி வதைக்க உரிமை இல்லை. பூனையைப் பட்டினியிட்ட பெண்ணின் கதையை நாம் மறந்துவிடலாகாது. மூன்றாவது, காலவரம்பு வேண்டும். 1984இல் பிரிட்டனின் வார்னாக் குழு 14 நாள் என்று வரையறுத்தது. நம் நாட்டு 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும் அவ்வரம்பை ஏற்றுள்ளன. குருத்தணு ஆய்வாளரின் உலகச் சங்கம் 2021இல் அவ்வரம்பை முழுத்தடையினின்று தளர்த்தியது. பயன் தெரியத்தெரிய வேலி நகர்கிறது என்பதற்கு அது சான்று.

நான்காவதே எல்லாவற்றிலும் முதன்மையானது: விற்பனை கூடாது. 2021ஆம் ஆண்டின் சட்டம் மனிதக் கருவையும் கருமுட்டையையும் விற்பதைக் குற்றமாக்கியுள்ளது. ஆயினும் அதற்கடுத்த ஆண்டே, ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் வயதைப் போலி அடையாள அட்டையால் உயர்த்திக் காட்டி, அவளுடைய கருமுட்டைகளைப் பலமுறை எடுத்து விற்ற கொடுமை வெளிவந்தது. கொல்லிமலை அமைந்த இதே நாமக்கல் மாவட்டத்தில், பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர் கடன் சுமையால் சிறுநீரகம் விற்றனர் என்ற புகார்கள் 2025இல் எழுந்தன. இவை ஆய்வாளர் செய்தவை அல்ல. ஆனால் மனிதனுடையது எதுவும் விலைக்குரியது என்ற எண்ணம் ஓரிடத்தில் குடியேறினால், அது வறியவர் வீட்டைத் தேடியே முதலில் செல்லும் என்பதற்கு இவை சான்று. கருவுக்கு நாம் தரும் மதிப்பு கருவுக்கு மட்டும் காவல் அன்று. கருவைச் சுமப்பவளுக்கும் அதுவே காவல்.

பாக்டீரியாவின் வாயிலும் மனிதனின் வாயிலும் ஒன்றெனக் கண்டு, மனிதனுக்கென்று தனி மேன்மை இல்லை என்பார் சிலர். சுண்டெலியின் அணுவும் மனிதனின் அணுவும் வேறெனக் கண்டு, அந்த வேறுபாட்டிலேயே மேன்மை இருக்கிறது என்பார் வேறு சிலர். இருவரும் மேன்மையை வாயிலில் தேடுகின்றனர். பொட்டாசிய ஓட்டம் சிறிது மிகுந்ததனாலோ குறைந்ததனாலோ எவரும் மேலோராகவில்லை. மனிதனை மேன்மைப்படுத்தியவன் இறைவன். அந்த மேன்மையின் அளவுகோல், தன்னைக் காத்துக்கொள்ள இயலாததன் முன் மனிதன் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பதே. கண்ணுக்குத் தெரியாத கருவைவிடத் தன்னைக் காத்துக்கொள்ள இயலாதது வேறு எதுவும் இல்லை.